கடுவன் பூனைக்குச் சிறுநீர்த் தொந்தரவு: மருத்துவமனை முதல் சாப்பாட்டுத் தட்டு வரை

உங்கள் கடுவன் பூனை மணல் தட்டில் போய் உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறது, தட்டில் ஈரமே இல்லை என்றால் முதல் தலைப்பை மட்டும் படித்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மற்றதை வந்து படித்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டுக் கடுவனுக்கு இந்த நோய் வந்து தேறுவதற்குள் பல டாக்டர்கள், பல கடைகள் என்று அலைந்துவிட்டோம். பார்த்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எதை முதலில் செய்ய வேண்டும், எதற்குக் காசு செலவழிக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அன்றைக்கு யாராவது வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தால் செலவு பாதியாகியிருக்கும், பூனையும் அவ்வளவு வலி பட்டிருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன். செலவுக் கணக்கெல்லாம் சென்னையை வைத்துச் சொல்கிறேன், உங்கள் ஊரில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும்.

1. அடைப்பா என்று முதலில் பாருங்கள்

கடுவனின் சிறுநீர்க் குழாய் ரொம்பக் குறுகல். நுனிக்குப் போகப் போக இன்னும் குறுகும். சளியும் படிகத் துகளும் சேர்ந்த சின்ன உருண்டையோ மணல் அளவுக் கல்லோ வந்து நின்றாலே வழி மூடிவிடும். பெட்டைப் பூனைக்கும் கல் வரும், சிறுநீர்ப்பையில் அழற்சி வரும். ஆனால் முழு அடைப்பு அபூர்வம்.

கவனிக்க வேண்டியவை: அடிக்கடி தட்டுக்குப் போவது, முக்கி முக்கிச் சொட்டு மட்டும் விடுவது அல்லது அதுவும் வராமல் போவது, கத்துவது, பின்பக்கத்தை விடாமல் நக்குவது, தட்டை விட்டுவிட்டுக் குளிர்ந்த தரையிலும் குளியலறையிலும் உட்காருவது, சிறுநீரில் ரத்தம். இதோடு வாந்தியும் சோர்வும் சேர்ந்து, சாப்பாட்டையும் ஒதுக்கினால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம்.

பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பூனை முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். அதில் ஒரு நாள் போய்விடும். முக்குகிற கடுவன் என்றால் முதலில் சிறுநீரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வழி அடைத்துவிட்டால் கழிவு வெளியேறாமல் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். அது இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். ஒரு நாளைக்குள் உடம்பு கெட ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடலாம். இரவு 11 மணிக்குத் தெரிந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

"சூடு பிடித்துவிட்டது, இளநீர் கொடு" என்று நிச்சயம் யாராவது சொல்வார்கள். கொடுக்காதீர்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். ஏற்கெனவே பொட்டாசியம் ஏறிக் கிடக்கும் பூனைக்கு அது கேடு. வாழைத்தண்டுச் சாறு, சிறுகண்பீளைக் கஷாயம், பார்லித் தண்ணீர் எல்லாம் மனிதர்களுக்குச் சிறுநீரைப் பெருக்கக் கொடுப்பவை. வழியே அடைத்திருக்கும்போது சிறுநீரைப் பெருக்கி என்ன செய்வது? வயிற்றை அமுக்கிப் பார்க்கவும் வேண்டாம், நிரம்பிய சிறுநீர்ப்பை கிழிந்துவிடலாம். வலிக்கிறதே என்று பாரசிட்டமால் மட்டும் கொடுத்துவிடவே கூடாது. ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

2. கையோடு எடுத்துப் போக வேண்டியவை

தடுப்பூசி அட்டை, பழைய ரிப்போர்ட்டுகள் இருந்தால் அவை, இப்போது கொடுக்கும் மருந்துகளின் பெயர்கள். தினமும் என்ன சாப்பாடு, எத்தனை கிராம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாகத் தட்டில் ஈரம் பார்த்தது எப்போது என்பதும் வேண்டும். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான், பதற்றத்தில் மறந்துவிடும்.

பூனை தட்டில் உட்கார்ந்து முக்குவதை அரை நிமிட வீடியோ எடுத்து வைத்தால் ரொம்ப உதவும். மருத்துவமனைக்குப் போனதும் பூனை ஒடுங்கிவிடும், அங்கே எதையும் காட்டாது.

பூனையைத் தூக்கிப் போகக் கூண்டு வேண்டும். நல்ல பிளாஸ்டிக் கூண்டு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். நோய் வருமுன் வாங்கி, கதவைத் திறந்து வீட்டுக்குள்ளேயே போட்டு வைத்தால் பூனை அதில் தானாகப் படுத்துப் பழகிவிடும். அவசரத்துக்குக் கூண்டு இல்லையென்றால் இரண்டு பிளாஸ்டிக் துணிக்கூடைகளை வாய்க்கு வாய் கவிழ்த்துக் கயிற்றால் கட்டுங்கள். துணிப்பையில் போட்டு ஆட்டோவில் ஏறாதீர்கள், வழியில் பிய்த்துக்கொண்டு குதித்துவிடும்.

3. எங்கே போவது, எவ்வளவு ஆகும்

சென்னையில் வேப்பேரியில் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கட்டணம் தனியாரைவிடப் பல மடங்கு குறைவு, மூத்த மருத்துவர்களும் இருப்பார்கள். கூட்டம் அதிகம் என்பதால் காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குவது நல்லது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் சிகிச்சைப் பிரிவுகள் உண்டு. இரவில் திறந்திருக்கும் தனியார் மருத்துவமனை உங்கள் பக்கத்தில் எது என்று இன்றைக்கே விசாரித்து எண்ணைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "பூனைக்குக் கத்தீட்டர் போடுவீர்களா, இரவு தங்க வைக்க வசதி இருக்கிறதா?" கத்தீட்டர் என்பது சிறுநீர் வழிக்குள் விடும் மெல்லிய குழாய். ஊசி மட்டும் போட்டு அனுப்பும் இடத்துக்குப் போனால் நேரம்தான் வீண்.

அடைத்த பூனைக்கு முதலில் ட்ரிப்ஸ் ஏற்றி, பொட்டாசியத்தைப் பார்த்து, மயக்கம் கொடுத்துக் கத்தீட்டரால் வழியைத் திறப்பார்கள். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் தங்க வேண்டியிருக்கும். அடைப்பு நீங்கியதும் சில பூனைகளுக்குச் சிறுநீர் ஏராளமாகப் போகும். அந்த நேரத்தில் ட்ரிப்ஸ் இல்லையென்றால் உடம்பில் நீர் வற்றிவிடும். கத்தீட்டரை எடுத்த கையோடு வீட்டுக்கு அனுப்பினால், சிறுநீர் தானாகப் போனதைப் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

தனியாரில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மயக்கம், கத்தீட்டர், தங்கும் செலவு எல்லாம் சேர்ந்தால் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும், நிலைமை மோசம் என்றால் இன்னும் ஏறும். வயிற்று ஸ்கேன் மட்டும் என்றால் ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் இடையில். எக்ஸ்ரே, யூரின் டெஸ்ட் இரண்டும் அதைவிடக் குறைவு. உள்ளே சேர்க்கும் முன்பே உத்தேசக் கணக்கை எழுதிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, யூரின் ரிப்போர்ட், எக்ஸ்ரே படம் மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு இடத்தில் வெறும் பில் மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த டாக்டரிடம் போனபோது எல்லாப் பரிசோதனையையும் முதலிலிருந்து மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

4. என்ன நோய் என்று தெரியாமல் சாப்பாட்டை மாற்றாதீர்கள்

"சிறுநீர்ப் பிரச்சினை" என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே பல நோய்கள் இருக்கின்றன. இளம் வயது, நடுவயதுப் பூனைகளில் பாதிக்கு மேல், கல்லும் இல்லாமல் கிருமியும் இல்லாமல் சிறுநீர்ப்பை புண்ணாவதுதான். காரணம் இதுதான் என்று ஒன்றைக் காட்ட முடியாது. பூனையின் மன அழுத்தத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அடுத்து கல். கிருமித் தொற்று இளம் பூனைகளுக்குக் குறைவு, பத்து வயதைத் தாண்டிய பூனைகளுக்குத்தான் அதிகம்.

கல்லிலும் முக்கியமாக இரண்டு வகை. ஸ்ட்ருவைட் என்பது மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் சேர்ந்தது. சரியான மருத்துவ உணவு கொடுத்தால் கத்தி வைக்காமலே கரைந்துவிடும். கால்சியம் ஆக்ஸலேட் கல் எந்த உணவுக்கும் கரையாது, எடுத்துத்தான் ஆக வேண்டும். வெளியில் பார்த்தால் இரண்டுக்கும் அறிகுறி ஒன்றுதான். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் இல்லாமல் எது என்று சொல்ல முடியாது.

கல் இல்லாத அழற்சி பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகவே தணிந்துவிடும். அந்த வாரத்தில் என்ன கொடுத்தோமோ அதுதான் குணமாக்கியது என்று பேர் வாங்கிவிடும். வாழைத்தண்டுச் சாறு பூனையைக் காப்பாற்றியது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பூனை எப்படியும் தேறியிருக்கும். அதையே கேட்டு அடைப்புள்ள பூனைக்குக் கொடுப்பவர் பூனையை இழந்துவிடுவார். ஆன்டிபயாடிக் கதையும் இதேதான். கிருமி இருக்கிறதா என்று கல்ச்சர் (சிறுநீரிலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுக்காமல் ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் எழுதினால், இளம் பூனைக்கு இது தேவையா என்று மரியாதையாகக் கேளுங்கள். வலிக்கு மருந்து எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இந்த நோயில் வலி கடுமை, வலி தணிந்தால்தான் பூனை சாப்பிடும்.

5. யூரின் ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது

படிகம் இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் வந்ததும் எல்லாரும் பயந்துவிடுகிறார்கள். நல்லாயிருக்கும் பூனையின் சிறுநீரிலும் படிகம் வரலாம். அதைவிட முக்கியமானது, சிறுநீரை ஃப்ரிட்ஜில் வைத்தாலோ பல மணி நேரம் கழித்துப் பார்த்தாலோ புட்டிக்குள்ளேயே படிகம் உண்டாகிவிடும். எப்படி எடுத்தார்கள், எத்தனை நேரத்தில் பார்த்தார்கள் என்று கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பார்த்தால்தான் அந்த வரியை நம்பலாம். கல்ச்சருக்கு என்றால் வயிற்றின் வழியாக ஊசி போட்டு நேரடியாக எடுப்பதே சரி. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் நொடியில் முடிந்துவிடும்.

வீட்டில் எடுப்பதென்றால் தட்டை நன்றாகக் கழுவிக் காயவைத்து, மணலுக்குப் பதில் மீன் தொட்டியில் போடும் கூழாங்கல்லைக் கழுவிப் போடுங்கள். பூனை போனதும் ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, மூடி உள்ள டப்பாவில் விட்டு நேராக லேபுக்கு எடுத்துப் போங்கள்.

ரிப்போர்ட்டில் இரண்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று பிஹெச், அதாவது சிறுநீரின் புளிப்பைக் காட்டும் எண். புளிப்பு குறையக் குறைய எண் ஏறும். அது 7-ஐத் தாண்டியே இருந்தால் ஸ்ட்ருவைட் சேர வசதி. இன்னொன்று ஸ்பெசிஃபிக் கிராவிட்டி, அதாவது சிறுநீர் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பது. உலர் உணவே தின்னும் பூனைக்கு இது 1.050-ஐக்கூடத் தாண்டும். 1.030-க்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் கல்லுக்கும் நல்லது, அழற்சிக்கும் நல்லது. நான் ஒவ்வொரு முறையும் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான்.

6. தண்ணீரைச் சாப்பாட்டிலேயே கொடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். எந்தக் கம்பெனி, என்ன சுவை என்பதெல்லாம் அப்புறம். நாள் முழுக்க எவ்வளவு தண்ணீர் பூனையின் உடம்பு வழியாகப் போகிறது என்பதுதான் விஷயம்.

பூனை பாலைவனத்துப் பிராணியின் வழிவந்தது. தாகம் மெதுவாகத்தான் எடுக்கும், தண்ணீரைத் தேடிப்போய்க் குடிக்கும் பழக்கம் குறைவு. இரையின் உடம்பில் உள்ள ஈரத்திலேயே வாழப் பழகிய உடல் அது. நாமோ பத்து சதவீதத்துக்கும் குறைவாக ஈரம் உள்ள உலர் உணவைக் கிண்ணம் நிறையப் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தண்ணீராகக் குடித்துக்கொள்ளும் என்று நம்புகிறோம். குடிக்கும்தான், ஆனால் ஈரத்தைச் சரிக்கட்டும் அளவுக்குக் குடிக்காது. சிறுநீர் கெட்டியாகும், தட்டுக்குப் போவதும் குறையும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 கிலோ பூனைக்கு உணவும் நீருமாக ஒரு நாளைக்குச் சுமார் 200 மில்லி ஈரம் வேண்டும். 50 கிராம் உலர் உணவிலிருந்து கிடைப்பது 5 மில்லிகூட இல்லை. பவுச்சில் வரும் ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 80 கிராம் பவுச் மூன்று கொடுத்தால் 180 மில்லிக்கு மேல் சாப்பாட்டிலேயே போய்விடும். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், அழற்சி வந்து தேறிய பூனைகளுக்கு ஒரே வகை மருத்துவ உணவை ஈரமாகவும் உலர்வாகவும் கொடுத்து ஒரு வருடம் கவனித்தார்கள். ஈர உணவு தின்றவற்றில் 11 சதவீதத்துக்கும் உலர் உணவு தின்றவற்றில் 39 சதவீதத்துக்கும் நோய் திரும்ப வந்தது.

சரி, செலவு? சாதாரண பவுச் ஒன்று 50 ரூபாயை ஒட்டி இருக்கும். தினம் மூன்று என்றால் மாதம் 4,500 ரூபாய். எல்லாராலும் முடியாது. எங்களாலும் தொடர்ந்து முடியவில்லை. நாங்கள் இப்போது செய்வது: ஒரு நாளைக்கு ஒரு பவுச், அதோடு 35 கிராம் உலர் உணவு. அந்த உலர் உணவை 70 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு வேளையாக ஊறவைத்துக் கொடுக்கிறோம். மொத்தம் சுமார் 200 கலோரி, கருத்தடை செய்த 4 கிலோ பூனைக்குப் போதும். சாப்பாட்டிலேயே 130 மில்லிக்கு மேல் தண்ணீர் போய்விடுகிறது, செலவும் பாதிதான்.

ஊறவைத்த உணவு நம் ஊர் வெயிலில் சீக்கிரம் கெடும். கத்திரி வெயில் மாதத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். மிச்சத்தை எடுத்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிவிடுங்கள். திறந்த பவுச்சை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். எடுத்து வெந்நீரில் வைத்துக் கொஞ்சம் சூடாக்கிக் கொடுங்கள், ஜில்லென்று இருந்தால் பல பூனைகள் தொடாது.

குடிக்கும் தண்ணீரை அகலமான பீங்கான் அல்லது எவர்சில்வர் கிண்ணத்தில், சாப்பாட்டுக்கும் மணல் தட்டுக்கும் தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் பூனை குடிக்காமல் விட்டுவிடும், அப்படிப்பட்ட வீட்டில் நீங்கள் குடிக்கும் தண்ணீரையே ஊற்றுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் கோழி வேகவைத்த தண்ணீரை ஆறவைத்து ஒரு கரண்டி கலந்தால் விரும்பிக் குடிக்கும்.

7. மருத்துவ உணவு வாங்கும்போது

சூப்பர் மார்க்கெட்டில் "யூரினரி கேர்" என்று போட்ட பாக்கெட் வேறு, டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருத்துவ உணவு வேறு. முதலாவது நல்லாயிருக்கும் பூனைக்கு. கல்லைக் கரைக்கும் என்று நம்பி அதை வாங்கினால் மாதக்கணக்கில் காத்திருப்பீர்கள். ராயல் கேனின் யூரினரி எஸ்/ஓ, ஹில்ஸ் சி/டி, ஃபார்மினா வெட் லைஃப் ஸ்ட்ருவைட் போன்றவைதான் இரண்டாவது வகை. ஒன்றரைக் கிலோப் பை 2,000 ரூபாயை ஒட்டி வரும், ஒரு பூனைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஓடும். விலை பார்த்து இணையத்தில் வாங்குவதென்றால் காலாவதித் தேதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பையைப் பிரித்துக் கிலோ கணக்கில் விற்கும் கடையில் வாங்காதீர்கள்.

ஸ்ட்ருவைட் கல் பெரும்பாலும் சில வாரங்களில் கரைந்துவிடும். அந்தக் காலத்தில் இந்த உணவைத் தவிர வேறு எதுவும் கொடுக்கக் கூடாது. ஒரு துண்டு மீன், ஒரு கோடு க்ரீம் ட்ரீட்கூட வேண்டாம். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாவம் என்று தட்டிலிருந்து எடுத்துப் போடுவது அவர்கள்தான். நான்கு வாரம் கழித்து எக்ஸ்ரேயில் கல் கொஞ்சமும் சிறுக்கவில்லை என்றால் அது வேறு வகைக் கல்லாக இருக்கக்கூடும், அப்போது அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டியிருக்கும். கல்லை எடுத்தால் தூக்கிப்போட விடாதீர்கள். உலர்ந்த டப்பாவில் வாங்கி, என்ன வகை என்று பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இந்த உணவு எல்லாப் பூனைக்கும் ஆகாது. சிறுநீரைப் புளிப்பாக்கும், சிலவற்றில் உப்பும் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவை, குட்டிகள், சினைப் பூனைகளுக்கு டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. இதைத் தின்னும் பூனைக்குச் சிறுநீரைப் புளிப்பாக்கும் மாத்திரையையோ சிரப்பையோ நீங்களாகச் சேர்க்காதீர்கள். அளவு மீறினால் ஆக்ஸலேட் கல்லுக்கு வழி வகுக்கும்.

8. வீட்டுச் சாப்பாடு பற்றி

தயிர்ச்சோறும் பாலும் தின்று பதினைந்து வருஷம் வாழ்ந்த பூனைகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவை வெளியே எலியும் பல்லியும் பிடித்துத் தின்றவை. பூட்டிய அடுக்குமாடி வீட்டில் வாழும் பூனைக்கு நாம் போடுவதுதான் எல்லாம். பூனைக்கு டாரின் என்ற சத்து மாமிசத்திலிருந்து வந்தாக வேண்டும், இல்லையென்றால் இதயமும் கண்ணும் கெடும். கோழியை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் டாரினில் பெரும்பகுதி அதோடு போய்விடும். வெறும் கோழிக்கறியில் கால்சியமும் போதாது.

கருவாடு வேண்டாம், அத்தனை உப்பு. பச்சை மத்தியைத் தினமும் போடுவதும் வேண்டாம், அதில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருள் இருக்கிறது. வேகவைத்த மீனோ கோழியோ மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். முழுக்க வீட்டுச் சாப்பாடுதான் என்று முடிவு செய்தால், கால்நடை உணவியல் தெரிந்தவரிடம் பட்டியல் எழுதி வாங்கித்தான் தொடங்க வேண்டும்.

பவுச் வாங்கும்போதும் பின்னால் "கம்ப்ளீட்" என்று இருக்கிறதா பாருங்கள். "காம்ப்ளிமென்டரி" என்று இருந்தால் அது துணை உணவு. அதையே மூன்று வேளையும் கொடுக்கக் கூடாது.

9. உணவை மாற்ற ஏழு முதல் பத்து நாள்

முதல் இரண்டு நாள் பழையதில் கால் பங்கு புதியது, அடுத்து பாதி, அடுத்து முக்கால். பிடிவாதக்காரப் பூனைக்கு இன்னும் மெதுவாக. மருத்துவமனையில் இருக்கும்போதே புது உணவைத் திணிக்காதீர்கள். வலியோடு அதைச் சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டு பிறகு தொடவே தொடாது.

"பசித்தால் தின்னும்" என்று பட்டினி போடுவது பூனையிடம் செல்லாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால், குறிப்பாகக் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லையென்றால் பழைய உணவுக்குத் திரும்பிவிட்டு டாக்டரிடம் பேசுங்கள்.

10. மணல் தட்டும் வீட்டுச் சூழலும்

பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள், அத்தனை தட்டு வேண்டும். ஒரே இடத்தில் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரு தட்டுதான், தள்ளித் தள்ளி வையுங்கள். கட்டியாகும் மணலாக இருந்தால் தினம் எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது என்று ஒரு பார்வை பாருங்கள். திடீரென்று சின்னச் சின்னதாகப் பல கட்டி வந்தால் நோய் திரும்புகிறது என்று அர்த்தம். வேறு அறிகுறி தெரியும் முன் தட்டு சொல்லிவிடும்.

வீட்டுக்குள்ளேயே அடைபட்டு, எடை கூடி, உலர் உணவு தின்னும் நடுவயதுக் கடுவனுக்குத்தான் இது அதிகம் வருகிறது. வீடு மாறுவது, வெள்ளையடிப்பு, புதுப் பூனை, விருந்தினர் கூட்டம், தீபாவளி வெடி, எதுவும் அழற்சியைக் கிளப்பிவிடும். தீபாவளி வாரத்தில் உள்ளறை ஒன்றில் தட்டு, தண்ணீர், ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி எல்லாம் வைத்து ஜன்னலைச் சாத்திவிடுங்கள். ஜன்னலோரம் ஏறி உட்கார ஒரு பலகை, தினம் பத்து நிமிடம் விளையாட்டு, சாப்பாட்டுக்கு மாறாத நேரம். செலவில்லாத இவை மருந்துக்குச் சமமாக வேலை செய்கின்றன.

11. மறுபரிசோதனையும், திரும்ப அடைத்தால் செய்வதும்

கத்தீட்டர் எடுத்த முதல் இரண்டு வாரம்தான் மறுபடி அடைக்க வாய்ப்பு அதிகம். அந்த நாள்களில் வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். யூரின் டெஸ்ட்டை ஒரு வாரத்தில் ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, அப்புறம் மூன்று மாதத்தில் ஒன்று எடுத்துப் பார்க்கலாம். ஆக்ஸலேட் கல் வந்த பூனைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுப்பது நல்லது. கல் சிறிதாக இருக்கும்போதே தெரிந்தால் சில சமயம் வயிற்றைக் கிழிக்காமல் கழுவியே எடுத்துவிடலாம்.

உணவு, தண்ணீர், சூழல் எல்லாம் சரி செய்தும் அடைப்பு திரும்பத் திரும்ப வந்தால், குறுகலான நுனிப் பகுதியை எடுத்துவிட்டு அகலமான வழி அமைக்கும் அறுவை சிகிச்சை ஒன்று இருக்கிறது. தனியாரில் பல பத்தாயிரம் ஆகும், கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் மிகவும் குறைவு. இதை அடிக்கடி செய்திருக்கும் அறுவை மருத்துவரைத் தேடிப் போங்கள், இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று நேரடியாகவே கேட்கலாம். அடைப்பைத்தான் இது தடுக்கும். அழற்சியும் கல்லும் வராமல் காக்காது, கிருமித் தொற்றுக்கு வாய்ப்பும் கொஞ்சம் கூடும். அதனால் அறுவைக்குப் பிறகும் ஈர உணவைத் தொடர வேண்டும், வருடத்துக்கு ஓரிரு முறை யூரின் கல்ச்சர் எடுக்க வேண்டும். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.